ஃப்ரீசரில் ஒன்பது ஓட்டு

கையில் கிடைத்த எதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டிவிடுவது பெர்னடீன் ரான்டாவின் பழக்கம். இரும்புத் தாது ஏற்றிப் போகும் 'ஹார்லன் வாஸ்' கப்பலில் அவள்தான் சமையல். கப்பல் சமையலறையில் ஈரம் புகாத மூலை என்று ஒன்று கிடையாது. அதனால் கறியும் மீனும் மட்டுமில்லை, கேப்டனின் மருந்துச் சீட்டு, இயந்திர அறைக்காரர்களின் புகையிலை, தன் கல்யாண போட்டோ எல்லாவற்றையும் அந்த ஒட்டும் மெஷினுக்குள் விட்டு எடுத்திருக்கிறாள். இவள் பக்கத்தில் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நம்மையும் ஒட்டிவிடுவாள் என்று இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஓர்வில் டீஸ் சொல்வார். அவர் வாயிலிருந்து வரும் ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அந்த அக்டோபரில் அவள் ஒட்டியது ஒன்பது தபால் ஓட்டுகளை.

கப்பலில் போர்ட் எல்வின் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர். பனி உருகும்போது ஏறினால் ஜனவரியில் ஏரி உறையும்போதுதான் இறங்குவார்கள். ஊரில் தேர்தல் நடக்கும் நாளில் இவர்கள் ஏதாவது ஓர் ஏரியின் நடுவில் இருப்பார்கள். டெட்ராய்ட் ஆற்றைக் கடக்கும்போது தபால் படகு வந்து கப்பலின் விலாவோடு ஒட்டிக்கொண்டே ஓடும். மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்கினால், அவர்கள் தபாலைப் போடுவார்கள், நம் தபாலை எடுத்துக்கொள்வார்கள். கப்பல் நிற்காது. போன தேர்தலில் அந்த வாளி அலையில் ஒரு முங்கு முங்கி எழுந்தது. ஓர்வில் உறைமேல் போட்டிருந்த கையெழுத்து கரைந்து ஓடிவிட்டது. கையெழுத்து தெரியவில்லை என்று அவர் ஓட்டை ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அதைப் பற்றியே பேசி ஊரின் காதைப் புண்ணாக்கினார்.

இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பெர்னடீன் முடிவு செய்தாள். ஒன்பது பேரும் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஓட்டுப் போட்டு, அவரவர் உறையை அவரவரே மூடிக் கையெழுத்திட்டார்கள். அவள் ஒன்பதையும் ஒரு பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, கறிக்கடை வெள்ளைத் தாளில் சுற்றி, கைக்கு எட்டிய சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டினாள். அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, டோரீன் பெல்க்கி, நகர மன்றம் என்று விலாசம் எழுதி வாளியில் இறக்கினாள். வாளி இந்தத் தடவை முங்கவே இல்லை.

டோரீன் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது நகர மன்ற எழுத்தர். ஊரில் நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பதும் அவள்தான், தேர்தல் நடத்துவதும் அவள்தான். ஒவ்வொரு வருடமும் இலை உதிரும் காலத்தில் பெர்னடீன் கப்பலிலிருந்து அவளுக்குப் பேஸ்டி அனுப்புவாள். மாவுக்குள் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டி. வேகவைக்காமல் உறையவைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டி, அதே வெள்ளைத் தாளில் சுற்றி, 'உறைநிலையில் வைக்கவும்' என்று நீல எழுத்தில் அச்சடித்த அதே ஸ்டிக்கரை ஒட்டித்தான் அனுப்புவாள். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பெர்னடீனுக்குத்தான் அன்றைக்கு அது மூளையில் ஏறவில்லை.

அந்த வருடம் ஊரில் ஓட்டுக்கு வந்த விஷயம் ஆம்புலன்ஸ். போர்ட் எல்வினுக்கென்று இருந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதை வைத்துக்கொள்ள வீட்டு வரியோடு கொஞ்சம் கூட்டிக் கட்டலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றால் பிப்ரவரி கடைசியோடு அது போய்விடும். பிறகு மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வண்டி வரவேண்டும். ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் பனி வழிவிட்டால். பெர்னடீனின் கணவன் வெஸ்ஸுக்கு இதயம் சரியில்லை. இரண்டு தடவை அந்த ஆம்புலன்ஸ்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வருடத்தில் முக்கால்வாசி அவன் வீட்டில் தனியாக இருந்தான். அந்த வண்டி நிற்கும் கொட்டகை தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவள் ஏரி நடுவில் தூங்கினாள்.

ஆம்புலன்ஸ் தோற்றது. நாலே நாலு ஓட்டில். நம் ஒன்பதும் விழுந்தும் தோற்றுப்போனோமே என்று பெர்னடீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓர்வில் மட்டும் இரண்டாவது தடவை சூப் கேட்டு வாங்கிக் குடித்தார்.

டிசம்பரில் கப்பல் தாது ஏற்றும் துறையில் நின்றபோது டோரீனிடமிருந்து போன் வந்தது. அன்று நகர மன்றத்தில் கிறிஸ்துமஸ் விருந்து.

"பெர்னி, இந்த வருஷம் நீ பேஸ்டி அனுப்பினியா?"

"இல்லடி. எங்க நேரம்? ஏன், ஆஃபீஸ்ல எல்லாரும் தட்டைத் தூக்கிட்டு நிக்கிறீங்களா?"

மறுமுனையில் ஏதோ பிளாஸ்டிக் சரசரத்தது.

"ஓவன்ல வைக்கலாம்னு இப்பதான் பையை வெட்டினேன்," என்றாள் டோரீன். "உள்ள உங்க ஓட்டு இருக்கு. ஒன்பதும் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. ஜில்லுன்னு."

அடுப்பில் வெங்காயம் கருகும் வாடை வந்த பிறகுதான் பெர்னடீன் அசைந்தாள். டோரீன் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போடாமல் போன் செய்தாளே என்பதெல்லாம் பெர்னடீனுக்கு அப்போது தோன்றவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஸ்டிக்கர் தன்னுடையது என்பது பாதித் திட்டில் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

நகர மன்றத்தின் வக்கீல் ஸ்டாமர் ஒரே வரியில் பதில் சொன்னார். முடிவை உறுதி செய்து கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது. நேரில் வந்து ஓட்டுப் போட எல்லாருக்கும் உரிமை உண்டு. தபால் ஓட்டு அரசாங்கம் பார்த்துக் கொடுத்த சலுகை. சலுகையை எடுத்துக்கொண்டவர்கள் அதில் வரும் சங்கடத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் வீட்டிலிருந்து ஓட்டுச் சாவடி நடக்கும் தூரம். அவருக்கு இதெல்லாம் சுலபமாக வரும்.

அன்றிரவுச் சாப்பாட்டில் கேஸ் போடுவதா என்று பேச்சு எழுந்தது. எல்லாரும் ஓர்வில்லைப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வரியைப் பகல் கொள்ளை என்று, கப்பல் ஏறும் முன்பே தன் வீட்டு வாசலில் அட்டை நட்டு வைத்தவர் அவர். தோற்றதில் அவருக்குத்தான் சந்தோஷம் இருக்கவேண்டும். அவரோ ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "போடுங்க. எம் பேரையும் சேத்துக்குங்க," என்றார். போன தடவை ஓட்டுப் போன கோபம் இன்னும் தீரவில்லை போல என்று பெர்னடீன் நினைத்துக்கொண்டாள்.

மாநிலத் தலைநகரில் ஓட்டுரிமைக்காகக் காசு வாங்காமல் வாதாடும் ஒரு சங்கம் இருந்தது. அங்கிருந்து மரிசோல் கீட்டிங் என்ற வக்கீல் வந்தாள். பையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் தொழிலில் இவ்வளவு பத்திரமான ஓட்டை இதுவரை பார்த்ததில்லை என்றாள். ஆனால் ஒன்று. நகர மன்றத்தின்மேல் கேஸ் போட்டால் எழுத்தர் என்ற முறையில் டோரீன் பெயரையும் போட்டுத்தான் ஆகவேண்டும்.

பெர்னடீன் போன் செய்து சொன்னாள்.

"எம் பேர்ல எழுத்துப் பிழை இல்லாம எழுதச் சொல்லு," என்று டோரீன் போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. ஜனவரியில் கப்பலைத் துறையில் கட்டிவிட்டுப் பெர்னடீன் வீடு வந்தாள். மளிகைக் கடையில் ஒருத்தி வருவதைப் பார்த்தால் இன்னொருத்தி வேண்டாத நாய் பிஸ்கட் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெஸ் சமாதானம் பேசிப் பார்த்தான். அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பிப்ரவரி நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை நாளில் நல்ல பனி. ஒன்பது பேரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பாதிரியாரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. நீதிபதி கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு பேசும் ஒரு வயதான அம்மாள்.

ஸ்டாமர் முதலில் ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டினார். உறைநிலையில் வைக்கவும் என்று ஓட்டுப் போட்டவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள், என் கட்சிக்காரர் சொன்னபடி செய்தார், இதில் என்ன தவறு என்றார். நீதிமன்றமே சிரித்தது. பெர்னடீன் காது சிவந்துபோனது. பிறகு அவர் சிரிக்காத விஷயத்துக்கு வந்தார். தபால் முத்திரை விழுந்த அட்டைப் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது. பொட்டலம் தேர்தலுக்கு முன்னால்தான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? கெடுவுக்குப் பிறகு வந்திருந்தால் எண்ணத் தேவையே இல்லையே.

மரிசோல் டோரீனைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டாள். டோரீன் ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேஸ் போய்விடும். அப்படிச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று ஸ்டாமர் அவளிடம் ஜாடையாகச் சொல்லியிருப்பது ஊருக்கே தெரியும். இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்குப் பென்ஷன்.

"எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று மரிசோல் கேட்டாள்.

"இருக்கு. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை," என்றாள் டோரீன். "சாவடிக்கு மேஜை ஏத்தின லாரி வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு. ஃப்ரீசர்ல இடமில்ல. ஸ்டாமரோட ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வெளிய வச்சிட்டு இதை உள்ள வச்சேன். அது உருகிப் போச்சுன்னு அவர் அன்னைக்குப் பூரா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அவருக்கும் ஞாபகம் இருக்கும்."

நீதிபதி கண்ணாடியை இறக்கி ஸ்டாமரைப் பார்த்தார். ஸ்டாமர் காகிதத்தைப் பார்த்தார்.

டோரீன் இன்னும் முடிக்கவில்லை. "மேல என்ன எழுதியிருந்தாலும் திறந்து பாத்திருக்கணும். அது என் வேலை. ஓட்டுப் போட்டவங்க அவங்க வேலையைச் செஞ்சாங்க, நான் செய்யல," என்றாள். பெர்னடீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள். கப்பலிலிருந்து திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து பெர்னடீனையே அறைந்தது.

தேதி வாதம் கையை விட்டுப் போனதும் ஸ்டாமர் தன் சலுகைப் பாட்டை எடுத்தார். கடைசியில் ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் கையை நீட்டினார். இவர்களுக்கு ஓட்டுரிமையைப் பற்றிக் கவலையும் இல்லை ஒன்றும் இல்லை, தோற்றுப்போன ஆம்புலன்ஸைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், தோற்றவர்களின் ஆற்றாமைதான் இந்தக் கேஸ் என்றார்.

ஓர்வில் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று மரிசோல் கையைக் காட்டினாள். அவர் எந்தக் காலத்தில் சொன்னதைக் கேட்டார்? நீதிபதி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பேசச் சொன்னார். எப்படி ஓட்டுப் போட்டார் என்று இங்கே சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"கட்டாயம் இல்லாட்டியும் சொல்றேன், யுவர் ஆனர்," என்றார் ஓர்வில். "நான் வேண்டாம்னு போட்டேன். நாளைக்கு மறுபடி வச்சாலும் வேண்டாம்னுதான் போடுவேன். எனக்கு வேண்டியபடியேதான் முடிவும் வந்திருக்கு. இந்தப் பையைத் திறந்தா நான் தோத்துப் போகலாம். அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கேஸ்ல சேர்ந்தீங்க?" என்றார் நீதிபதி.

"என் ஓட்டும் அந்த ஃப்ரீசர்லதானே கிடந்துச்சு? உங்களுக்குத் தாது வேணும், இரும்பு வேணும், நாங்க ஏரியில கிடக்கோம். கிடக்கறவன் சொல்றதை எண்ண மாட்டேன்னா, நான் ஜெயிச்சதும் ஜெயிச்ச கணக்கு இல்ல. எண்ணித் தோத்தா வரியைக் கட்டுறேன். திட்டிக்கிட்டேதான் கட்டுவேன். ஆனா கட்டுவேன்."

அவர் வந்து உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

மதிய இடைவேளையில் பெர்னடீனால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அட்டை நட்டதெல்லாம் ஓர்வில்லின் வாய்ச் சவடால், ஒன்பதும் ஆம்புலன்ஸுக்குத்தான் விழுந்திருக்கும் என்றே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்று போய்விட்டது. இன்னொன்று போனாலும் ஒரே ஓட்டில் தப்பிக்கலாம். மூன்றாவதும் போனால் அவ்வளவுதான், எண்ணியும் தோல்வி. தன்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பார்த்தாள். தினம் சோறு போட்ட முகங்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எண்ணச் சொல்லிக் கேஸ் போட்டவளுக்கே எண்ணுவதை நினைத்துப் பயமாக இருந்தது. எண்ணுவதும் ஆம்புலன்ஸும் ஒன்றுதான் என்று இதுவரை நினைத்திருந்தாள். இரண்டும் வேறு வேறு என்று அந்த மரப் பெஞ்சில்தான் அவளுக்கு உறைத்தது. கூட வந்திருந்த வெஸ் அவள் கையைப் பிடித்து, "என்னை நினைச்சு நடுங்காத. எண்ணட்டும்," என்றான்.

நீதிபதி அதிகம் பேசவில்லை. ஓட்டு எழுத்தரின் கைக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டது, வந்ததோடு ஓட்டுப் போட்டவரின் கடமை முடிந்தது. அதை எண்ணுவது ஊரின் கடமை. எந்த வழியில் போட்டாலும் ஓட்டு உரிமைதான், சலுகை என்ற பேச்சை இனி இந்த நீதிமன்றத்தில் யாரும் எடுத்து வரவேண்டாம். ஒன்பதையும் எல்லார் முன்னிலையிலும் எண்ணி, முடிவைத் திருத்த வேண்டும்.

எண்ணும் நாளில் நகர மன்றத்தில் நிற்க இடமில்லை. டோரீன் உறைகளிலிருந்து சீட்டுகளை மடித்தபடியே எடுத்து, யாருடையது எது என்று தெரியாதபடி கலைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் நாலிலும் வேண்டும் என்று இருந்தது. ஐந்தாவது வேண்டாம். எல்லார் கண்ணும் ஓர்வில் பக்கம் போயிற்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது வேண்டும். ஏழாவது வேண்டாம். பெர்னடீன் வெஸ்ஸின் சட்டைக் கையைக் கசக்கிப் பிடித்தாள். இரண்டு சீட்டு பாக்கி. எட்டாவது வேண்டும். ஒன்பதாவதைப் பிரித்த டோரீன் சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். அவள் மோவாய் ஆடுவதை எதிரில் நின்ற பெர்னடீன் பார்த்தாள்.

"வேண்டும்," என்று டோரீன் படித்தாள்.

ஒரே ஓட்டில் ஆம்புலன்ஸ் பிழைத்தது. வெஸ் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். ஓர்வில், நாசமாப் போக, என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பெர்னடீனிடம் வந்து கை கொடுத்தார். இரண்டாவது 'வேண்டாம்' யாருடையது என்று அவள் கேட்கவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு நடைவழியில் பெர்னடீனும் டோரீனும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அங்கே திரும்பிக்கொள்ள நாய் பிஸ்கட் அலமாரி இல்லை.

"ஸ்டிக்கர் என் தப்புடி," என்றாள் பெர்னடீன்.

"திறந்து பாக்காதது என் தப்பு," என்றாள் டோரீன். "நீ திட்டின திட்டுக்குத்தான் இன்னும் கணக்கு பாக்கி இருக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. பெர்னடீனுக்கும்தான். பொது இடம் என்றும் பார்க்காமல் இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

மறுபடி இலை உதிரும் காலம் வந்தது. பெர்னடீன் கப்பலில் பேஸ்டி செய்தாள். உறையவைத்து, ஒட்டி, வெள்ளைத் தாளில் சுற்றி, ஸ்டிக்கரை இந்தத் தடவை இரண்டு முறை படித்துப் பார்த்து ஒட்டி, வாளியில் இறக்கினாள். நன்றிக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியாததால் ஒன்பது பேஸ்டி வைத்தாள்.

அடுத்த தடவை ஆற்றைக் கடந்தபோது வாளியில் நகர மன்ற முத்திரை குத்திய ஒரு ரசீது வந்தது. ஓர்வில் அதைப் பிடுங்கி, சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் கேட்கப் படித்தார். பொட்டலம் ஒன்று, உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உடனே திறக்கப்பட்டது. உள்ளே பேஸ்டி ஒன்பது. ஒன்றுவிடாமல் எண்ணப்பட்டன. நிராகரித்தது ஏதுமில்லை. கீழே டோரீன் பெல்க்கி என்று கையெழுத்து.

பெர்னடீன் அதை வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, ஒட்டி, அடுப்புக்கு மேலே மாட்டினாள். பிறகு எல்லார் தட்டிலும் ஒரே அளவாகக் கறியைப் பரிமாறினாள்.